முன்னுக்குப் போங்க

முப்பத்தொரு வயதில் குத்துச்சண்டை பழகப் போனேன் என்று சொன்னால், ஆட்கள் முதலில் என் மூக்கைத்தான் பார்க்கிறார்கள். மூக்குக்கு ஒன்றும் ஆகவில்லை.

தலவாக்கலைக்குப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் கொழுந்து பறிப்பவள் நான். ஹட்டனில் ஒரு மருந்துக்கடைக் கதவில், பெண்களுக்கும் குத்துச்சண்டை பழக்கப்படும் என்று ஒரு தாள் ஒட்டியிருந்தது. தைலம் வாங்கப் போனவள் அதைப் படித்துவிட்டுத் தைலத்தை மறந்து திரும்பினேன். அடுத்த ஞாயிறே பஸ் ஏறினேன். கூட வேலை செய்கிற பெண்கள் சும்மா விடுவார்களா? "கங்காணிய அடிக்கிறதுன்னா எங்களயும் கூப்புடுங்க" என்றார்கள்.

பழக்கியவரை எல்லோரும் மாஸ்டர் என்றுதான் கூப்பிடுவோம். இளவயதில் கொழும்பில் மேடையேறிச் சண்டை போட்டவர். கொழுந்து பறிக்கிற விரல்கள் இறுக மூடிப் பழகியதில்லை. ஒழுங்காக முஷ்டி பிடிக்கவே எனக்கு இரண்டு வாரம் போனது. ஆனால் என் கழுத்தைப் பார்த்து மாஸ்டர் சந்தோஷப்பட்டார். பதினெட்டு வயதிலிருந்து தலையில் கயிறு மாட்டிக் கொழுந்துச் சுமை தூக்கிய கழுத்து அது.

"இந்த வயசுல தொடங்கி எவ்வளவு தூரம் போவலாம் மாஸ்டர்?" என்று கேட்டேன்.

"வயசப் பாக்காதீங்க. ஒழுங்கா வாங்க, மாகாணப் போட்டியில ஒங்கள மேடை ஏத்துறது என் பொறுப்பு."

எனக்கு வேண்டியதும் அவ்வளவுதான். ஒரே ஒரு தடவை, என் பெயரைக் கூப்பிட, நான் போட்டி மேடை ஏற வேண்டும். தோற்றாலும் பரவாயில்லை.

மலையில் ஆளுக்கொரு தேயிலைச் செடி நிரை பிரித்துக் கொடுப்பார்கள். கொடுத்த நிரையைப் பிடித்து ஏறிக்கொண்டே போகவேண்டும். பாதியில் விட்டு விலகுகிறவளுக்கு மரியாதை கிடையாது. பயிற்சி மேடையிலும் நான் அப்படித்தான் இருந்தேன். மாஸ்டர் என்னை எப்போதும் ஒரே பெண்ணோடுதான் மோத விடுவார். நகரத்துக் கடைக்காரர் ஒருவரின் மகள், பத்தொன்பது வயது, நல்ல வேகம். அவளுக்கு விலகவும் குனியவும் பின்னால் போகவும் சொல்லிக் கொடுப்பார். எனக்கு, "முன்னுக்குப் போங்க, முன்னுக்கு" என்பதோடு சரி. "இவங்கள மாதிரி நின்னு அடி வாங்க ஒங்கள்ல யாருக்கு முடியும்?" என்று மற்றவர்களைக் கேட்பார். எனக்கு உச்சி குளிர்ந்துவிடும். எனக்கு விலகத் தேவையில்லை என்பதால்தான் சொல்லித் தரவில்லை என்று நம்பினேன். அவ்வளவு புத்திசாலி நான்!

ஒரு திங்கட்கிழமை வீங்கிய கண்ணோடு, வேலைக்கு ஆள் கூடுகிற காலைப் பெரட்டில் நின்றேன். தோட்டத்து மேற்பார்வைக்குப் புதிதாக வந்திருந்த கண்டாக்கு வேலை பிரிக்கும்போது, புருஷன் அடித்தாரா என்று கேட்டார். எனக்குக் கல்யாணமே ஆகவில்லை. பெரட்டே சிரித்தது, நானும் சிரித்தேன். ஒன்றரை வருடம் இப்படித்தான் போனது. அந்தக் கடைக்காரர் மகள் பயிற்சி முடிந்ததும் தன் ரொட்டியைப் பிய்த்துப் பாதி தருவாள். "போட்டிக்கு ரெண்டு பேரும் சேந்தே போவோம்க்கா" என்பாள். கூடப் பிறந்தவளாகத்தான் அவளை நினைத்தேன்.

சேர்ந்தேதான் போனோம். எடை கூடிவிடக் கூடாதென்று மூன்று நாளாக நான் சோறு தொடவில்லை. எடை பார்க்கிற மேசையில் இருந்தவர் பட்டியலில் இரண்டு தரம் விரல் ஓட்டிவிட்டு, என் பெயர் இல்லை என்று சிங்களத்தில் சொன்னார். ஒரு கழகத்திலிருந்து ஓர் எடைக்கு ஒருவர்தானாம். அந்தப் பெண்ணுக்கும் எனக்கும் ஒரே எடை. எங்கள் கழகம் அனுப்பியது அவள் பெயரை.

"ஒனக்குத் தெரியுமா?" என்று அவளைக் கேட்டேன்.

அவள் தரையைப் பார்த்தாள். "ஒங்களுக்கும் தெரியும்னு நெனச்சேங்க்கா. அக்காவ நீ அடிச்சுப் பழகத்தான் வச்சிருக்கேன்னு மாஸ்டர் மொதல்லயே சொன்னாரு."

அப்போதே பஸ் ஏறியிருக்க வேண்டும். ஏறவில்லை. அவளுக்குத் தண்ணீர் வாளி பிடித்துக்கொண்டு மூலையில் நின்றேன். எதிரே வந்தவள் முன்னுக்கு முன்னுக்கு வந்தாள். இவள் விலகி விலகி அடித்தாள். ஒவ்வொரு அடியையும் எனக்குத் தெரியும். எல்லாம் என் மேல் பழகியவை. ஜெயித்ததும் மாஸ்டர் ஓடி வந்து அவள் கையைத் தூக்கினார். எனக்கு வயிறு எரிந்தது. பொறாமை என்று சொல்பவர்கள் சொல்லட்டும்.

அடுத்த ஞாயிறும் போனேன். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. "வாங்க வாங்க, பிள்ளைக்கு அடுத்த போட்டி வருது" என்று மாஸ்டர் ஒன்றும் நடக்காதது போல வரவேற்றார். அவளே என் கையுறைகளைக் கட்டிவிட்டாள். பயிற்சி மேடை ஏறாமல் கீழே நின்றபடியே சொன்னேன்.

"இவளோட மூணு ரவுண்டு, நடுவர் வைங்க மாஸ்டர். நான் ஜெயிச்சா அடுத்த போட்டிக்கு என் பேர அனுப்புங்க."

மாஸ்டர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை என்று கண்டதும் அவருக்குக் கோபம் வந்தது.

"என்னா பேசுறீங்க? போட்டி வர்ற நேரத்துல பிள்ளைக்கு ஏதாச்சும் ஆயிட்டா?"

எனக்கு ஏதாவது ஆகிவிட்டால் என்று அந்த மனிதர் ஒன்றரை வருடத்தில் ஒரு ஞாயிறுகூடக் கேட்டதில்லை. அந்தப் பெண் என் கையுறையை அவிழ்த்துவிட ஓடி வந்தாள். கையை இழுத்துக்கொண்டேன். முடிச்சைப் பல்லால் கடித்து நானே அவிழ்த்தேன்.