நாலு சக்கரமும் இழுக்கும்

கடலூரில் லைசென்ஸ் வைத்திருப்பவர்களில் பாதிப் பேருக்கு கிளச்சை எப்படி விடுவது என்று சொல்லிக்கொடுத்தவர் சின்னையன். மீதிப் பாதிப் பேர் ஓட்டுகிற லட்சணத்துக்கு அவர் பொறுப்பில்லை.

திருப்பாதிரிப்புலியூரில் ஒரு மருந்துக்கடையின் மாடியில் அவருடைய தில்லை டிரைவிங் ஸ்கூல் இருந்தது. தில்லை என்பது அவர் மனைவி தில்லையம்மாள். சாமி பெயர் என்று நினைத்து வந்து சேர்ந்தவர்களை அவர் திருத்தியதில்லை. இருபத்திரண்டு வருஷமாக ஒரு சின்ன மாருதியில், இடது பக்க சீட்டில், காலுக்கு அடியில் தனக்கென்று ஒரு பிரேக்கும் ஒரு கிளச்சும் வைத்துக்கொண்டு ஊரைச் சுற்றி வந்தார். அந்தப் பழக்கம் காலை விட்டுப் போகவில்லை. பஸ்ஸில் போனால் கால் தானாகத் தரையை அழுத்தும். கல்யாணப் பந்தியில் சாம்பார் வாளி கொஞ்சம் வேகமாக வந்தால்கூட அழுத்தும். மணிக்கு நாற்பதைத் தாண்டி அவர் வண்டி ஓட்டிப் பார்த்தவர்கள் யாரும் கிடையாது.

இப்படிப்பட்ட மனுஷன் 2009 பங்குனியில் ஒரு ஸ்போர்ட்ஸ் கார் வாங்கினார்.

புதுச்சேரியில் ஒரு டாக்டர் பதினோரு வருஷம் வைத்திருந்த ஜெர்மன் கார் அது. தரையோடு ஒட்டிக்கொண்டு, படுத்திருக்கிற எருமை மாதிரி கறுப்பாக இருந்தது. விலை பேசும்போது டாக்டர் ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னார்: "இது நாலு சக்கரமும் இழுக்கிற வண்டி." சின்னையன் அங்கேயே விழுந்துவிட்டார். மற்ற கார்களில் முன் சக்கரம் ரெண்டும் இழுக்கும், இல்லாவிட்டால் பின் சக்கரம் ரெண்டும் தள்ளும். பாக்கி ரெண்டும் சும்மா கூட உருண்டு வரும். வீட்டில் ரெண்டு பேர் சம்பாதித்து ரெண்டு பேர் உட்கார்ந்து சாப்பிடுகிற கதைதான். இதிலோ நாலு பேரும் சம்பாத்தியம். அவ்வளவு நல்ல குடும்பத்தை டாக்டர் ஏன் விற்கிறார் என்று கேட்க அவருக்குத் தோன்றவில்லை.

வண்டி வீட்டுக்கு வந்த அன்று மச்சான் தங்கராசு வந்தான். தில்லையம்மாளின் தம்பி. ரெண்டு மினி பஸ் ஓட்டுகிறவன். வண்டியைச் சுற்றி வந்தான், குனிந்து அடியில் பார்த்தான், நிமிர்ந்தான்.

"மாமா, நாலும் இழுத்தா என்னா கெடைக்கும்?"

"சேத்துல மாட்டாது மச்சான்."

"நீங்க எப்ப சேத்துக்குப் போனீங்க? ஆர்.டி.ஓ. ஆபீஸ், வீடு, ஆர்.டி.ஓ. ஆபீஸ்."

"பனியில வழுக்காது. வெளிநாட்டுல அதுக்குத்தான் வாங்கறாங்க."

"கடலூர்ல ஏது பனி?"

"மார்கழியில பெய்யல?"

"அது மூக்குல ஒழுவுற பனி மாமா. ரோட்டுல நிக்கிற பனி இல்ல."

தில்லையம்மாள் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தாள். சின்னையனுக்குச் சுருக்கென்றது. இருபத்திரண்டு வருஷம் ஊருக்கே வாகனம் சொல்லிக்கொடுத்த வாத்தியாருக்கு ஒரு மினி பஸ்காரன் பாடம் எடுப்பதா? வாய் முந்திக்கொண்டது. "அடுத்த பங்குனி உத்திரத்துக்குள்ள, நாலு சக்கரமும் இழுக்கறதாலதான் ஒரு வேலை நடந்துச்சுன்னு ஒன் வாயால சொல்ல வைக்கிறேன். இல்லன்னா நீ சொல்ற ஆளுக்கு வண்டிய வித்துடறேன்."

"அக்கா, நீதான் சாட்சி," என்றான் தங்கராசு.

அன்றையிலிருந்து சின்னையனுக்கு வேலை என்பது சேறு தேடுவதுதான்.

முதலில் தேவனாம்பட்டினம் போனார். கடற்கரை மணலில் இறக்கிக் காட்டினால் போதும் என்று கணக்கு. இறக்கினார். மற்ற வண்டியாக இருந்தால் மணலில் ரெண்டு குழி தோண்டியிருக்கும். இது நாலு தோண்டியது, அதுவும் ஒரே அளவில். வலை பிரித்துக்கொண்டிருந்த ஆட்கள் படகு இழுக்கிற கயிற்றோடு வந்தார்கள். "நல்லா தோண்டுதுய்யா, கெணத்துக்கு வாடகைக்கு உடலாம்," என்று ஒருத்தர் சொன்னதைச் சின்னையன் வீட்டில் சொல்லவில்லை. தங்கராசுவுக்கு எப்படியோ தெரிந்திருந்தது.

அப்புறம் மேல்பட்டாம்பாக்கத்தில் ஒரு சடங்குக்குப் போனபோது, ஊர்க்காரர்களே சிமெண்ட் கொட்டிக் கட்டிய வேகத்தடை ஒன்று வந்தது. அது தடை இல்லை, சுவர். முன் சக்கரம் ரெண்டும் அந்தப் பக்கம் இறங்கின, பின் சக்கரம் ரெண்டும் இந்தப் பக்கம் நின்றன, வயிறு மட்டும் நடுவில் சவுகரியமாகப் படுத்துவிட்டது. அழுத்தினார். நாலு சக்கரமும் சுற்றின. நாலும் சம்பாதித்து என்ன, தரையில் கால் பாவினால்தானே? சடங்குக்கு வந்த மாமன்மார்கள் பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தூக்கினார்கள்.

ஐப்பசியில் மூன்று வாரம் நல்ல மழை. கடலூரே சேறாகிக் கிடந்தது. அந்த மூன்று வாரமும் வண்டி ஷெட்டில் இருந்தது. தாழ்ந்த வண்டி, தண்ணி புகுந்துவிடும் என்று சின்னையன் வெளியிலேயே எடுக்கவில்லை. சேற்றில் போகிற வண்டியைச் சேற்றுக்குப் பயந்து பூட்டி வைத்த மனுஷன் உலகத்திலேயே அவர் ஒருத்தராகத்தான் இருப்பார். தை மாசம் ஒரு டயர் கிழிந்தது. ஒன்றை மாற்றப் போனால் மெக்கானிக் கையெடுத்துக் கும்பிட்டான். "நாலும் ஒரே தேய்மானமா இருக்கணும்ணே. ஒண்ணு பெருசு ஒண்ணு சிறுசுன்னா உள்ள கியர் பல்லத் தின்னுடும். இதுல ஒண்ணு செத்தா நாலுக்கும் கருமாதி."

மாசி பிறந்தபோது சின்னையனுக்கு உள்ளுக்குள் ஒரு ஆசை வந்துவிட்டது. தோற்றுவிட்டால் நல்லது, வண்டியாவது தொலையும். ஆனால் அதை வாய் திறந்து சொல்ல வேண்டுமே! அந்த வாயைத்தான் அவர் இருபத்திரண்டு வருஷமாக அடுத்தவன் தப்பைச் சொல்லவே பழக்கி வைத்திருந்தார்.

பங்குனி உத்திரத்துக்கு முந்தின நாள். தங்கராசு ஆள் பிடித்துவிட்டான். சிதம்பரத்தில் கல்யாண மண்டபம் வைத்திருந்த ராஜகணேஷ். மண்டப வாசலில் ஒரு வெளிநாட்டு வண்டி நின்றால் எடுப்பாக இருக்கும் என்று அவருக்கு ஒரு எண்ணம். காலையில் வண்டியைக் காட்ட மாமனும் மச்சானும் புறப்பட்டார்கள். நேர் ரோட்டில் பாலத்து வேலை என்று திருப்பிவிட்டார்கள். குறிஞ்சிப்பாடி வழியாகச் சுற்றி, புவனகிரிக்குக் கொஞ்சம் முன்னால் வந்தபோது ரோட்டைக் காணோம். ரோடு முழுக்க உளுந்துச் செடி. அறுவடைக் காலத்தில் அந்தப் பக்கம் களத்து வேலை ரோட்டில்தான். செடியைப் பரப்பிவிட்டால், போகிற வருகிற வண்டி மிதித்து உளுந்தை உதிர்த்துக் கொடுக்கும்.

அன்றைக்கு அப்போதுதான் பரப்பியிருந்தார்கள், முழங்கால் உயரம். முன்னால் போன தண்ணி கேன் வேன் ஒன்று நட்டநடுவில் நின்று பின் சக்கரத்தைச் சுற்றிக்கொண்டிருந்தது. நெற்று வெடித்து உளுந்து மணியெல்லாம் டயருக்கடியில் கோலிக்குண்டாக உருண்டது. பக்கத்தில் கவைக்கம்போடு செடிக்குச் சொந்தக்காரி இருசம்மாள் நின்றிருந்தாள்.

"ஓரமா வாங்கண்ணே," என்று கை காட்டினாள்.

சின்னையன் முதல் கியரில் விட்டார். முன் சக்கரம் வழுக்கியது. உடனே பின்னால் ஏதோ பிடித்துக்கொண்டு தள்ளியது. வண்டி ஒரு உறுமல் உறுமி, செடிக்குள் நுழைந்து, அந்தப் பக்கம் வெளியே வந்தது.

வேனின் சக்கரம் இன்னும் அதே இடத்தில் சுற்றிக்கொண்டிருந்தது. தங்கராசு திரும்பி அதைப் பார்த்தான். அவன் நியாயஸ்தன்.

"சரி மாமா. நடந்துச்சு. ஒத்துக்கறேன்."

இதோடு போயிருந்தால் கதை முடிந்தது. இருசம்மாள் ஓடி வந்தாள். "அண்ணே, இந்த வண்டி நாலு காலாலயும் மிதிக்குதுண்ணே! பஸ்ஸு பத்து நடை போனாலும் இப்படி உதிராது. இன்னொரு நடை போங்கண்ணே, புண்ணியமா போவும்."

ஒரு வருஷம் பசித்துக் கிடந்தவனிடம் இலை போட்டால் ஒரு கை சாதத்தோடு எழுந்திருப்பானா? சின்னையன் வண்டியைத் திருப்பினார். போனார், வந்தார். கிளச்சை எவ்வளவு மெதுவாக விட வேண்டும் என்று இருசம்மாளுக்கு ஜன்னல் வழியே பாடம் வேறு.

"போதும் மாமா," என்றான் தங்கராசு.

"இரு மச்சான், அந்த ஓரம் பாக்கி இருக்கு."

ஒன்பதாவது நடையில் கமகமவென்று உளுந்து வறுபடுகிற வாசனை வந்தது. பத்தாவதில் புகை. பதினொன்றாவதில் அடியில் மடமடவென்று ஏதோ முறுக்கிக்கொண்டு, வண்டி நின்றுவிட்டது.

படுத்துப் பார்த்தார்கள். பின் சக்கரத்துக்கு இழுவை கொண்டுபோகிற நீளத் தண்டு முன்னாலிருந்து பின்னால் வரை ஓடுகிறது. மற்ற சின்னக் கார்களில் அந்தத் தண்டே கிடையாது. அதில் உளுந்துக்கொடி ஆள் தொடை கனத்துக்கு ஜடை பின்னியிருந்தது. எண்ணெய் சொட்டியது.

இருசம்மாளும் குனிந்து பார்த்தாள். "அடி ஆத்தி, என் உளுந்து பாதி உங்க வண்டியிலதான் இருக்கு. அத எடுத்துக் குடுத்துட்டுப் போங்க."

கருக்கரிவாளைக் கொடுத்தாள். மாமனும் மச்சானும் மல்லாந்து படுத்து அறுத்தார்கள். மூக்கிலும் காதிலும் உளுந்துத் தூசி. ஒரு மணி நேரத்தில் கொடி வந்தது, இழுவை வரவில்லை. அந்நேரம் போன் அடித்தது. ராஜகணேஷ். தங்கராசு விஷயத்தைச் சொன்னான்.

"ஓடலன்னா என்னா?" என்றது போன். "எனக்கு வாசல்ல நிக்கத்தான் வேணும். கட்டி இழுத்துக்கிட்டு வாங்க."

இருசம்மாளே கொழுந்தன் டிராக்டரை வரவழைத்தாள். கயிறு கட்டினார்கள். டிராக்டர்காரன் சீட்டிலிருந்து திரும்பிக் கேட்டான்: "எந்தப் பக்கம்ணே? சிதம்பரம்னா கிட்டக்க. கடலூர்னா பொழுது போயிடும்."

தங்கராசு காரின் ஜன்னலில் கை வைத்துக் குனிந்தான். குரலைத் தாழ்த்தினான். "மாமா, பந்தயம் நீங்கதான் ஜெயிச்சீங்க. ஊரு முழுக்க நானே சொல்றேன். ஆனா சிதம்பரம்னு சொல்லிடுங்க. சனியன் தொலையட்டும். அக்காகிட்ட நான் பேசிக்கறேன்."

சின்னையன் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். மீசையில் உளுந்து உமி. மாசியிலிருந்து அவர் கேட்டுக்கொண்டிருந்த வரம் பத்து கிலோமீட்டர் தூரத்தில், வாசல் திறந்து காத்திருந்தது. ஒரு வார்த்தை போதும். வாயைத் திறந்தார்.

வேன்காரன் எதிரில் நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தான். "ஏன்ணே, நீங்க ஒருத்தர்தானே இதுல பூந்து போனீங்க? அந்த வண்டியயா கட்டி இழுக்கறீங்க?" என்று மரியாதையாகக் கேட்டான்.

"கடலூர்," என்றார் சின்னையன் டிராக்டர்காரனிடம்.

"மாமா!"

"ஜெயிச்ச வண்டிய எவன்டா விப்பான்?"

தங்கராசு முன்னால் போய்க் கயிற்று முடிச்சை இன்னொரு தடவை இழுத்துப் பார்த்துவிட்டு, டிராக்டரில் ஏறிக்கொண்டான்.