வடிகால் ஆணையருக்கு யார்?

வெர்லின் கூப்மன் செப்டிக் டேங்க் லாரி ஓட்டுகிறவர். மிச்சிகனில் தன் வட்டாரத்தில் எந்த வீட்டின் வாசலை மறந்தாலும் அடிவயிற்றை மறக்க மாட்டார். அவருடைய அரசியல் ஞானத்துக்கு முப்பத்தோரு வருடமாக ஒரே ஒரு ரசிகை உண்டு: மனைவி ஆர்டித்.

தபால் வாக்குச்சீட்டு வந்ததும் இருவரும் காபியும் கேக்குமாகச் சமையலறை மேசையில் உட்காருவார்கள். ஜனாதிபதி, செனட்டரையெல்லாம் அவளே முடித்துவிடுவாள். கடைசிப் பக்கத்தில், ஊர்ச் சாக்கடைகளைக் கவனிக்கும் வடிகால் ஆணையர் பதவி வந்ததும் பேனா நிற்கும். "இதுக்கு யாரு, வெர்ல்?" என்பாள். பெயரைச் சொன்னால், "ஏன் அவரு?" என்பாள். அந்த "ஏன்"னுக்கு வெர்லின் அரைமணி நேரம் பதில் சொல்வார். அடுத்த தேர்தல்வரை அது தாங்கும்.

இந்த வருடம் வீட்டுக்குள் ஹாலரன் வந்துவிட்டான். ரேடியோவில்தான். காலை பத்து மணிக்கு அரசியல் அலசுகிறவன். ஆர்டித் முட்டை பொரிக்கும்போதும் "ஹாலரன் சொல்றார்", துணி மடிக்கும்போதும் "ஹாலரன் சொல்றார்". வெர்லின் அவன் படத்தைத் தேடிப் பார்த்தார். அந்த வயதில் அவ்வளவு முடி யாருக்கும் இருக்காது என்று தீர்மானித்தார்.

குற்றம் கண்டுபிடிக்கத்தான் லாரியில் கேட்க ஆரம்பித்தார். கேட்கக் கேட்க வயிறு எரிந்தது. அவன் சொல்வதெல்லாம் பத்து வருடத்துக்கு முன்பே இவர் சாப்பாட்டு மேசையில் சொன்னது. அப்போது ஆர்டித், உப்பை இந்தப் பக்கம் தள்ளு என்றாள்.

ஒருநாள் நிகழ்ச்சிக்கே போன் போட்டார். எங்கள் ஊர்ச் சாக்கடையை நீ கண்ணால் பார்த்திருக்கிறாயா என்று கேட்டுவிடுவதாகத் திட்டம். முப்பத்தெட்டு நிமிடம் காத்திருக்க வைத்தார்கள். கடைசியில், "மிச்சிகன்லேர்ந்து வெர்லின். சொல்லுங்க நண்பரே" என்றது அந்தக் குரல். திட்ட வந்த வாய் குழைந்துவிட்டது. தலைநகரத்துக்காரர்கள் ஒரு வாரம் தன் லாரியில் வந்தால் எது எங்கே போய் அடைக்கிறது என்று தெரியும் என்றார். ஹாலரன் சிரித்தான். "விவரமான ஆளுய்யா நீங்க" என்றான். வெர்லின் இரண்டு தடவை நன்றி சொன்னார்.

வீட்டில் ஆர்டித் அடுப்பைப் பார்த்தபடியே நின்றாள்.

"எட்டு மாசமா நானும் போன் போடறேன். ஒரு தடவைகூட எடுத்துப் பேசல. உனக்கு மட்டும் எடுக்கறாங்க."

இரண்டு நாள் வீட்டில் "ஹாலரன் சொல்றார்" கேட்கவில்லை. வெர்லினுக்கு அந்த இரண்டு நாளும் சொர்க்கம்.

ஞாயிற்றுக்கிழமை வாக்குச்சீட்டோடு உட்கார்ந்தார்கள். அவளிடம் ஹாலரன் வெளியிட்ட பட்டியல் இருந்தது. பார்த்துப் பார்த்து வட்டத்தை நிரப்பினாள். கடைசிப் பக்கம் வந்தது. பேனா நின்றது. வெர்லின் காபிக் கோப்பையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதுக்கு யாரு, வெர்ல்?"

"ஏன், உன் ஆளு சொல்லலையா?"

"பட்டியல்ல இது இல்ல. ஆனா நீ விவரமான ஆளுன்னு அவரே சொல்லிட்டாரே. சொல்லு."

"ஜிலின்ஸ்கி."

அவள் வட்டத்தை நிரப்பினாள். உறையை நாக்கால் நனைத்து ஒட்டினாள்.

"ஏன்னு கேக்கலையே?" என்றார் வெர்லின்.

"எதுக்கு?" என்று அவள் கேக் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

கிழக்குச் சாலைப் பாலத்தடிக் குழாயை ஜிலின்ஸ்கி எப்படி மாற்றினார் என்ற கதையை மூன்று வாரமாகத் தயார் செய்து வைத்திருந்தார். அது தொண்டையிலேயே அடைத்துக்கொண்டு நின்றது.