வெண்டைச் செடிக்குப் போட்ட பாட்டு

எங்கள் அப்பா வெண்டைச் செடிகளைப் பாட்டு போட்டு வளர்த்தார். ஆவடி குவார்ட்டர்ஸில் எங்களுக்குத் தரைத்தளம். சமையலறைக்குப் பின்னால் இரண்டு பாய் விரிக்கிற அளவுக்கு மண் இருந்தது. வேலை முடிந்து வந்து குளித்ததும், பென்டிரைவ் செருகுகிற ஸ்பீக்கரை எடுத்துத் துவைக்கிற கல்லின்மேல் வைத்து, பழைய சினிமாப் பாட்டுகளை முழுச் சத்தத்தில் ஓடவிடுவார். செடிகளுக்குக் கேட்டதோ இல்லையோ, எங்கள் பிளாக் முழுவதற்கும் கேட்டது. மாடிவீட்டு ஆன்ட்டி தன் பையனுக்குப் பரீட்சை நேரம் என்று அம்மாவிடம் ஜாடையாகச் சொல்லிப் பார்த்தார். அம்மா அதை அப்பாவிடம் ஜாடையில்லாமல் சொன்னார்.

"சின்னதா வச்சா செடிக்கு எப்படிக் கேக்கும்?" என்றார் அப்பா.

நான் அப்போது நாலாம் வகுப்பு. அந்தப் பதில் எனக்கு மிகவும் நியாயமாகத் தோன்றியது.

அப்பா தொழிற்சாலையில் கிரேன் ஓட்டுபவர். கூரையை ஒட்டிய ஒரு கூண்டில் உட்கார்ந்துகொண்டு, கீழே நிற்பவர் ஊதுகிற விசிலுக்கும் காட்டுகிற கைக்கும் ஏற்றபடி இரும்புப் பாளங்களைத் தூக்கி நகர்த்தி இறக்குவார். எங்கள் வீட்டில் எல்லோரும் உரக்கவே பேசுவோம். தொழிற்சாலைக்காரர்கள் வீடென்றால் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்திருந்தேன்.

அம்மா அம்பத்தூர்ப் பக்கம் ஒரு பள்ளியில் பிளஸ் டூ பிள்ளைகளுக்குப் புள்ளியியல் சொல்லிக்கொடுத்தார். அதில் சோதனை வடிவமைப்பு என்று ஒரு பாடம். புத்தகத்தில் ஒரு கோதுமை வயலைப் பாத்தி பாத்தியாகப் பிரித்து உரம் போட்டுக்கொண்டே போவார்களாம். கோதுமையை மாவாக மட்டுமே பார்த்திருந்த பிள்ளைகள் கொட்டாவி விட்டார்கள். ஒருநாள் பொறுக்கமுடியாமல், "எங்க வீட்டுக்காரர் வெண்டைக்காய்க்குப் பாட்டு போடறார். அது நிஜமா வேலை செய்யுதான்னு எப்படிக் கண்டுபிடிப்பீங்க?" என்று அம்மா கேட்டுவிட்டார். வகுப்பு விழித்துக்கொண்டது. அடுத்த சனிக்கிழமை பிள்ளைகள் ஒரு கூட்டமாக ரயிலேறி ஆவடிக்கு வந்து இறங்கினார்கள்.

அப்பாவுக்கு வாயெல்லாம் பல். தொட்டிகளில் முளைத்திருந்த நாற்றுகளை மாப்பிள்ளை வீட்டாருக்குக் காட்டுவதுபோல் காட்டினார். பிறகு கொழுகொழுவென்று இருந்தவற்றைப் பாட்டுப் பக்கமாக நகர்த்தத் தொடங்கினார்.

"ஏங்க, நீங்க பொறுக்கக் கூடாது. சீட்டுதான்" என்றார் அம்மா.

சீட்டெடுக்கும் வேலை எனக்கு வந்தது. கண்ணை மூடிக்கொண்டுதான் எடுத்தேன். ஆனாலும் அப்பா வாசலில் போகிறவர்களைக் கூப்பிட்டுக் காட்டும் அந்த ஒரு நாற்று, பாட்டில்லாத பக்கம் போய்விட்டது. அவர் அதன் இலையைத் தடவிவிட்டு, "போயிட்டு வா" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். எனக்குத்தான் அழுகை வந்தது.

பாட்டுத் தொட்டிகளைப் பின்பக்கமும் மற்றவற்றை வாசலிலும் வைப்பது என்று முடிவானபோது, மாணவர்களில் ஒரு அண்ணன் குறுக்கிட்டார். ஒல்லியாக, உயரமாக, அதுவரை கதவில் சாய்ந்துகொண்டு நின்றவர்.

"மிஸ், வாசலாண்ட வெயிலு கீது. பின்னாடி ஃபுல்லா நெழலு. அப்பால நல்லா வந்தா அது பாட்டாலயா வெயிலாலயான்னு இன்னா தெரியும்?"

அம்மாவின் முகம் பூரித்துப்போனது. கோதுமை வயலில் மாதக்கணக்காகத் தேடியது வெண்டைத் தொட்டியில் கிடைத்துவிட்டது போல. அதன்பிறகு ஆளாளுக்குப் பேசினார்கள். கடைசியில் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். எல்லாத் தொட்டிகளும் பகலில் ஒரே இடத்தில், வாசலில் இருக்கும். சாயங்காலம் பாட்டுத் தொட்டிகள் படுக்கையறைக்கும், மற்றவை சமையலறைக்கும் போகும். கதவுகளைச் சாத்தி, படுக்கையறையில் மட்டும் பாட்டு. சமையலறைக்குக் கேட்டுவிடக் கூடாது என்பதால் சத்தத்தைக் குறைத்து, திருகுகிற இடத்தில் ஒரு சுருள்முடி அக்கா தன் நெயில் பாலிஷால் ஒரு கோடு போட்டார். அந்தக் கோட்டைத் தாண்டித் திருகக் கூடாது.

ஒத்திகை பார்க்க அங்கேயே பாட்டைப் போட்டார்கள். அப்பா தொட்டிகளுக்கு நடுவே கட்டிலில் உட்கார்ந்திருந்தார். கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, "என்னட்டி, ஸ்பீக்கர் கெட்டுப்போச்சா? பாட்டே வரலியே" என்றார் என்னிடம்.

"வருதே அங்கிள்!" என்றார் சுருள்முடி அக்கா.

"எங்க வருது?"

எல்லோரும் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார். அந்த அக்காவுக்கு உற்சாகம் தாங்கவில்லை. "மிஸ், அங்கிளையே டெஸ்ட் பண்ணிடலாம் மிஸ்! காசு சுண்டிப் பார்ப்போம். தலை விழுந்தா பாட்டு, பூ விழுந்தா இல்ல. அங்கிள் திரும்பி உக்காந்து சொல்லட்டும்."

அம்மா திரும்பி அப்பாவைப் பார்த்தார். அவர் அதற்குள் சுவரைப் பார்த்துச் சம்மணம் போட்டுவிட்டார். "வாங்க பாப்போம், நான் ரெடி" என்றார்.

அக்கா காசு சுண்டினார். நான் சத்தமில்லாமல் பாட்டை வைத்தேன், நிறுத்தினேன். ஒல்லி அண்ணன் எழுதிக்கொண்டார். அப்பா ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் யோசித்து, "இருக்கு" என்றோ "இல்ல" என்றோ அடித்துச் சொன்னார். பாட்டு நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போது "இல்ல" என்பார். ஒன்றும் இல்லாதபோது தலையை ஆட்டித் தாளம் போடுவார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். என்னோடு கேரம் ஆடும்போது அவர் வேண்டுமென்றே தோற்பார். இதுவும் அந்த விளையாட்டுதான் என்று எனக்கு நிச்சயமாகத் தெரியும்.

ஆனால் மற்றவர்களின் சிரிப்பு மெல்லக் குறைந்துகொண்டே வந்தது. சுருள்முடி அக்கா காசைச் சுண்டாமல் கையில் வைத்துக்கொண்டு நின்றார். நான் அவசரப்படுத்தினேன். ஒல்லி அண்ணன் பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகினார்.

"மிஸ், டயமாச்சு. ட்ரெயின புடிக்கணும். இத்தோட வுட்டுடலாமா?"

இன்னும் வெளிச்சம் இருந்தது. ரயில்கள் வந்தபடியேதான் இருக்கும். அவர்மேல் எனக்குப் பயங்கரக் கோபம்.

அப்பா திரும்பி உட்கார்ந்தார். "என்ன, எம்புட்டு சரி?"

எல்லோரும் அம்மாவைப் பார்த்தார்கள். விடைத்தாளில் கால் மதிப்பெண்ணைக்கூடச் சும்மா கொடுக்காதவர் என்று அம்மாவுக்குப் பெயர். அண்ணனிடமிருந்து தாளை வாங்கிப் பார்த்தார். பிறகு அப்பாவுக்கு எதிரே போய் நின்று, அவருக்குத் தன் முகம் தெரியும்படி, நிதானமாகச் சொன்னார்.

"பாதி."

பாதி! எங்கள் பள்ளியில் முப்பத்தைந்து வாங்கினாலே பாஸ். "அப்பா பாஸ்! அப்பா பாஸ்!" என்று கட்டிலில் ஏறிக் குதித்தேன். அப்பா என்னை அப்படியே தூக்கி, விட்டத்து மின்விசிறி இடிக்காமல் ஒரு சுற்று சுற்றி இறக்கினார். பிள்ளைகள் செருப்பை மாட்டிக்கொண்டு, அம்மா அவித்து வைத்திருந்த சுண்டலைக்கூடச் சாப்பிடாமல், "வர்றோம் மிஸ், வர்றோம் அங்கிள்" என்று கிளம்பிப்போனார்கள். அம்மா வாசல்வரைக்கும் போனவர், அவர்கள் தெருமுனை திரும்பிய பிறகும் அங்கேயே நின்றார்.

அந்தத் திங்கட்கிழமை அப்பா வேலைக்குப் போனார். கிரேனில் ஏறவில்லை. எனக்கு அது தெரிந்தது அவர் புதிய வேலைக்கு மாறி, கைகளில் கிரீஸ் இல்லாமல் வீட்டுக்கு வரத் தொடங்கியபோதுதான். சாமான்களை எடுத்துக்கொடுக்கிற பிரிவில் போட்டிருக்கிறார்கள் என்றார். எங்கள் அப்பா வானத்தில் வேலை செய்கிறார் என்று வகுப்பில் சொல்லித் திரிந்தவள் நான். அவரோடு சில நாள் பேசவில்லை. அம்மாவும் அப்பாவும் ஆஸ்பத்திரிக்குப் போய்வந்தார்கள். தாத்தாவுக்கும் இந்த வயதில்தான் காது போயிற்று, இது பரம்பரை என்று பெரியவர்கள் பேசிக்கொண்டார்கள். காதுக்குப் பின்னால் மாட்டும் கருவி வந்தது. அதை மாட்டிய முதல் நாள் மாடிவீட்டு ஆன்ட்டி மிக்ஸி போட, அப்பா திடுக்கிட்டு மேலே பார்த்தார்.

செடிகளில் ஒரு வித்தியாசமும் தெரியவில்லையாம். பாட்டு கேட்டதும் கேட்காததும் ஒரே மாதிரிதான் காய்த்தன. பிள்ளைகள் அதை ஒழுங்காக எழுதிக் கொடுத்தார்கள் என்று அம்மா சொன்னார். பாட்டுக் கட்சி தோற்றுப்போனதில் எனக்கு வெகுநாள் வருத்தம்.

பிளஸ் டூவில் அதே பாடத்தை நான் படித்தபோதுதான், ஒரு மத்தியானம், பேருந்தில் உட்கார்ந்திருக்கையில், அந்தப் 'பாதி' எனக்கு விளங்கியது. நன்றாகக் கேட்கிறவன் எல்லாவற்றையும் சரியாகச் சொல்லியிருப்பான். துளிகூடக் கேட்காதவன், சும்மா இருக்கு, இல்லை என்று வாய்க்கு வந்ததைச் சொன்னாலே பாதி சரியாகிவிடும். அந்த அறையில் அது தெரியாமல் குதித்தது நானும், ஒன்றும் அறியாத அப்பாவும் மட்டும்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

அதிலும் பாதிதான் சரி. போன பொங்கலுக்குத் திருமுல்லைவாயிலில் எங்கள் ஃபிளாட்டுக்கு அப்பா வந்திருந்தபோது, அந்தப் 'பாதி'யைப் பற்றிப் பேச்சுவாக்கில் கேட்டேன்.

"கிரேன் ஓட்டுறவனுக்குப் பாதின்னா என்னன்னு தெரியாதா? கீழ நிக்கிறவன் ஊதுற விசில் பாதித் தடவைதான் கேக்குதுன்னா, அவன் கதி என்ன?" என்றார். "அன்னிக்கி உங்கம்மா மூஞ்சியப் பாத்ததுமே முடிவு பண்ணிட்டேன், இனி மேல ஏறக் கூடாதுன்னு."

"அப்புறம் ஏம்ப்பா என்னத் தூக்கிச் சுத்துனீங்க?"

அப்பா காதுக் கருவியைச் சரிசெய்தபடி சிரித்தார்.

"நீ பாஸுன்னு கத்துனியே. அது எனக்கு நல்லாக் கேட்டுச்சு."