ஸ்டாப்பை அமுக்காதே

கம்ப்யூட்டர் பராமரிக்கும் ஷாஹிருக்கு ஒரு நாளில் மூன்று கறுப்புத் திரைகள். காலையில் பழைய யூதத் தெருவான ஜூ டவுனில் ஒரு மசாலாக் கம்பெனியின் விண்டோஸ். மதியம் வைட்டிலாவில் வீட்டுப் பிளான் போடும் அலுவலகம் ஒன்றின் மேக். சாயங்காலம் மட்டாஞ்சேரிக்குத் திரும்பி, மச்சினன் அன்சாரின் பாட்டு ரெக்கார்டிங் அறையில் லினக்ஸ். மூன்று இடத்திலும் மவுஸைத் தொடாமல் கட்டளை தட்டித்தான் வேலை. ஆனால் ஒவ்வொரு திரைக்கும் ஒரு பாஷை. விண்டோஸில் கோப்புகளைப் பார்க்க 'டிர்' என்று அடித்துப் பழகிய விரல், மேக்கில் 'எல்எஸ்' என்று மாற வேண்டும். மேக்கில் தேதி கேட்கும் கட்டளை லினக்ஸிலும் அதே பெயர்தான். கூடச் சேர்க்கும் குறி மட்டும் வேறு. ஐம்பதைத் தொடப்போகும் வயதில், எந்த ஊரில் இருக்கிறோம் என்று விரல்களுக்கு நினைவூட்டிக்கொண்டே இருப்பது தனி அலுப்பு.

அந்தச் செவ்வாய்க்கிழமை அன்சாரின் மாடிக்கு ஏறும்போதே அவருக்குக் கால் வலித்தது. உள் அறையில் ஆர்மோனியத்தோடு ஷாகுல் ஹமீது உட்கார்ந்திருந்தார். பகலில் துணிக்கடை வேலை. இரவுகளில் பிறர் வீட்டுக் கல்யாணங்களில் பாட்டு. வியாழக்கிழமை அவருக்குத் தொண்டையில் ஆபரேஷன். பிறகு பாடமுடியுமா என்று டாக்டர் உறுதி சொல்லவில்லை. இரண்டு மாதத்தில் மகள் ரஃபீனாவின் நிக்காஹ். ஊர்க் கல்யாணத்துக்கெல்லாம் பாடியவர், மகள் கல்யாணத்தில் தன் குரல் கேட்காமல் போய்விடக் கூடாது என்று மூன்று பாட்டுகளைப் பதிந்துவைக்க வந்திருந்தார்.

கதவைச் சாத்திவிட்டுப் பாட ஆரம்பித்தார். வெளி அறையில் கணினிக்கு முன்னால் அன்சார்.

இரண்டாம் பாட்டில் அன்சார் குரலைத் தாழ்த்தினான். "மச்சான், டிஸ்க் நெறயப் போகுதுன்னு எழுத்து வருது. இப்ப எந்தா செய்ய?"

"பழசையெல்லாம் கூட்டித் தள்ளுன்னு எத்தன தடவ சொல்லியிருக்கேன்? நகரு."

ஷாஹிர் உட்கார்ந்தார். பழைய ஒத்திகைப் பதிவுகளெல்லாம் ஒரே கோப்புறையில் குவிந்துகிடந்தன. இப்போது பதிவாகிக்கொண்டிருப்பதும் அதற்குள்தான் இருந்தது. விண்டோஸில் அவருக்கு வெகுநாள் பழக்கம் ஒன்று உண்டு. குப்பையைப் பொறுக்கிக்கொண்டிருக்கமாட்டார், மொத்தத்தையும் அழி என்பார். எவனாவது திறந்து வைத்திருக்கும் கோப்பை விண்டோஸ் விடாது, 'இது உபயோகத்தில் இருக்கிறது' என்று முரண்டு பிடிக்கும். மற்றதெல்லாம் போய்விடும். காலையில்கூட மசாலாக் கம்பெனியில் அப்படித்தான் துடைத்துவிட்டு வந்தார். அந்தக் கையே இங்கும் அடித்தது.

லினக்ஸ் முரண்டு பிடிக்கவில்லை. ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. கோப்புறையைத் திறந்து பார்த்தார். காலி.

உள்ளே ஷாகுல் ஹமீது மூன்றாம் பாட்டுக்குப் போயிருந்தார். திரையில் ஒலியளவைக் காட்டும் பச்சைக் கோடு ஒன்றும் நடக்காததுபோல ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

"என்ன மச்சான், மொகம் வெளுத்துப்போச்சு?"

"அழிச்சிட்டேன்."

"பழசத்தானே?"

"இதையும்."

அன்சார் வாயைத் திறந்தபடி நின்றான். உள்ளே பாட்டு முடிந்தது. முடிந்ததும் நீண்ட இருமல். பழக்க தோஷத்தில் அன்சாரின் கை ஸ்டாப் பட்டனுக்குப் போனது.

"தொடாதே!" ஷாஹிர் அவன் மணிக்கட்டைப் பிடித்தார். "ஸ்டாப்ப அமுக்காதே அன்சார். அமுக்கினா போச்சு."

"அதான் போயிருச்சே!"

"பேருதான் போயிருக்கு. ரெக்கார்டிங் புரோகிராம் இன்னும் அதக் கையில பிடிச்சிருக்கு. அது விடுற வரைக்கும் உள்ள இருக்கும். விட்டா இல்ல."

கதவைத் தள்ளிக்கொண்டு ஷாகுல் ஹமீது வந்தார். கழுத்தில் துண்டு. குரல் கரகரத்தது. "எந்தாடா சண்டை? பாட்டு கிடைச்சிச்சா?"

பொய் சொல்லும் தெம்பு ஷாஹிருக்கு இல்லை. "இக்கா, என் கைத்தப்பு. அழிஞ்சிருக்கு. மீட்டுப் பார்க்கிறேன்."

"மறுபடி பாடவாடா? எனக்கு மூச்சே நிக்கல மோனே."

"வேண்டாம். நீங்க உக்காருங்க."

"வெள்ளம் குடிங்க இக்கா," என்று அன்சார் பாட்டிலை நீட்டினான். "மச்சானுக்கு மூணு கம்ப்யூட்டரோட நிக்காஹ். எந்தப் பொண்டாட்டி வீட்டுல இருக்கோம்ங்கிறது மறந்துபோச்சு."

ஷாஹிர் விசைப்பலகைக்குத் திரும்பினார். ஓடும் ஒவ்வொரு புரோகிராமுக்கும் லினக்ஸ் ஒரு எண் கொடுத்திருக்கும். அந்த எண்ணைத் தேடிப்பிடித்து, அது திறந்து வைத்திருக்கும் கோப்புகளைக் காட்டச் சொன்னார். வரிசையில் ஒன்றின் பெயருக்குப் பக்கத்தில் 'அழிக்கப்பட்டது' என்று இருந்தது. அதையே வேறிடத்தில் நகலெடுக்கும்படி கட்டளை அடித்தார். என்டர் தட்டுவதற்கு முன் ஒவ்வொரு எழுத்தாக இரண்டு முறை வாசித்தார். பழைய டிஸ்க் கரகரவென்று சுற்றியது. மூவரும் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

நகல் முடிந்தது. பதிவை நிறுத்தாமலே நகலை ஓடவிட்டார். முதல் பாட்டு வந்தது. இரண்டாவது வந்தது. மூன்றாவதின் கடைசி வரி, அதற்குப் பின் இருமல், கதவு திறக்கும் சத்தம், பிறகு "எந்தாடா சண்டை?" என்று ஷாகுல் ஹமீதின் குரல், தூரத்தில் ஷாஹிரின் "என் கைத்தப்பு", அன்சாரின் பொண்டாட்டிப் பேச்சு.

"இப்ப அமுக்கு," என்றார் ஷாஹிர். அன்சார் பயந்து பயந்து அமுக்கினான்.

"கடைசியில உள்ள கச்சறைப் பேச்செல்லாம் வெட்டிரலாம் இக்கா," என்றான்.

ஷாகுல் ஹமீது துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். இருமலால் வந்த நீரோ என்னவோ. "என் பேச்ச விட்டு வை. நிக்காஹ்ல போடுறதுல வெட்டு. வீட்டுக்குத் தர்றதுல வெட்டாதே. பேசுறதும் எத்தன நாளோ."

ஷாஹிர் வெட்டியதும் வெட்டாததுமாக அந்தக் கோப்பை இரண்டு பென் டிரைவில் ஏற்றிக் கொடுத்துவிட்டு, சுள்ளிக்கல்லில் இருந்த வீட்டுக்கு நடந்தே போனார். பஸ்ஸுக்கு நிற்கக்கூடப் பிடிக்கவில்லை.

மறுநாள் காலை ஜூ டவுனில் வழக்கமான துடைப்பு. ஒரு கோப்பை அழிக்க முடியாது, அது உபயோகத்தில் இருக்கிறது என்று விண்டோஸ் மறித்தது. மற்ற நாளாக இருந்தால் அதைத் திட்டியிருப்பார். அன்று விசைப்பலகையிலிருந்து கையை எடுத்துவிட்டு, ஆறிப்போன சாயாவைக் குடித்துமுடிக்கும்வரை அந்த வரியைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார்.