சாவியில் பூசிய கரி

பூட்டுக்காரருக்கு ஊர் வைத்த பெயர் ரெட்டைப்பூட்டு. எந்தக் கதவானாலும் அவருக்கு ஒரு பூட்டு போதாது. மேலே ஒன்று, கீழே ஒன்று. பூட்டி, இழுத்துப் பார்த்து, நாலடி போய்த் திரும்பி வந்து மறுபடி இழுப்பார். சர்க்கரை டப்பாவுக்குக்கூட ஒரு குட்டிப் பூட்டு போட்டிருந்தார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். "எறும்புக்கு ஒரு சாவி குடுத்துட்டீங்களா?" என்று கேட்பாள் மனைவி.

பிறக்கும்போதே இப்படிப் பிறந்தவர் இல்லை, பாவம். வீட்டின் முன்னறைதான் கடை. ஒரு காலத்தில் அதைத் திறந்து போட்டுவிட்டு டீ குடிக்கப் போகிற மனிதராகத்தான் இருந்தார். மனைவியின் தம்பிக்கு அங்கேயே தொழில் சொல்லிக் கொடுத்தார். அவன் கைவேகத்தைப் பார்த்து ஊரெல்லாம் பெருமை பேசியவரும் அவரே. அந்தக் கைதான் ஒருநாள் வாடிக்கையாளர் வீட்டுக்குக் கள்ளச்சாவி போட்டுக் கூட்டாளிகளிடம் நீட்டியது. வீடு கொள்ளை போயிற்று. மைத்துனன் சிறைக்குப் போனான். பூட்டுக்காரரை ஸ்டேஷனில் பகல் முழுக்க நிற்கவைத்துக் கேள்வி கேட்டார்கள். தெரிந்த முகங்கள் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போயின. அந்த அவமானம் அவருக்கு ஆறவே இல்லை. சூடு கண்ட பூனை அடுப்பங்கரைக்கு வருமா?

இப்போது மைத்துனன் விடுதலையாகி வந்து பின்னறையில் ஒண்டியிருந்தான். கடையைப் பெருக்குவான், தண்ணீர் பிடித்து வைப்பான், போட்டதைத் தின்பான். கடைக்குள் ஒரு அரத்தைக்கூடத் தொடமாட்டான். வாயைத் திறந்து எதுவும் கேட்கமாட்டான். அதுதான் பூட்டுக்காரரின் சந்தேகத்தைக் கிளப்பியது. நல்லவன் எதற்கு இவ்வளவு நல்லவனாக இருக்க வேண்டும்? கொடியில் கிடந்த அவன் சட்டைப் பையைத் துழாவினார். சீப்பு ஒன்றுதான் இருந்தது. அந்தச் சீப்பையும் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

மனைவிக்குப் பொறுமை போய்விட்டது. "இந்த ஞாயித்துக்கிழமைக்குள்ள ஒரு முடிவு சொல்லுங்க. அவன் இருக்கலாமா, போகணுமா? துரத்துறதுன்னா காரணத்தோட துரத்துங்க. சும்மா துரத்தினீங்க, அவன் கையப் பிடிச்சுக்கிட்டு நானும் கிளம்பிடுவேன்." சும்மா மிரட்டுகிறவள் இல்லை அவள். பூட்டுக்காரருக்கு அது நன்றாகத் தெரியும், பயமாகவும் இருந்தது.

சனிக்கிழமை காலை அவர்கள் சபைப் போதகர் வந்தார். கோயில் பக்கவாசல் பூட்டு மக்கர் செய்கிறதாம். வந்தவர் நாளைய பிரசங்கத்தைப் பற்றிப் பேச்செடுத்தார். "நாளைக்குத் திருவிருந்து. புதிய உடன்படிக்கையப் பத்திப் பேசப்போறேன்."

"அதென்னய்யா புதுசு? பழசுக்கு என்ன கேடு?"

"பழசு கல்லுல எழுதினது. இப்படி நடந்தா நீங்க என் ஜனம்னு கடவுள் சொன்னாரு. ஜனங்க சரின்னாங்க, சொன்ன வாய் மூடுறதுக்குள்ள மீறினாங்க. அதனால வெளியில எழுதாம உள்ளத்துலயே எழுதறேன், பண்ணின பாவத்த இனி நினைக்கவே மாட்டேன்னாரு. அதுக்குத்தான் இயேசு தன் ரத்தத்தையே குடுத்தாரு. திருவிருந்துல நாம குடிக்கிற பாத்திரத்துக்கு அதான் அர்த்தம்."

பூட்டுக்காரர் அரத்தைக் கீழே வைத்தார். "மறுபடி மீறினா?"

"மீறினவன் சுமக்க வேண்டிய தண்டனைய எழுதினவரே சுமந்துட்டாரு."

"இது ஒப்பந்தம் இல்லய்யா, ஏமாளித்தனம். நினைக்கவே மாட்டேன்னா எப்படி? திருடின கைய மறக்க முடியுமா? அதிருக்கட்டும், உள்ளத்துலயே எழுதியாச்சுன்னா கோயிலுக்கு எதுக்குப் பூட்டு?"

"நல்லா மாட்டினேன்!" என்று போதகர் வயிறு குலுங்கச் சிரித்தார். "எழுத்து இன்னும் முழுசா ஊறலைய்யா. எனக்குந்தான்."

அவர் போனபிறகு பூட்டுக்காரருக்கு ஒரு யோசனை உதித்தது. சாவி தொலைந்த பூட்டுக்குப் புதுச்சாவி போடும்போது, வெட்டாத சாவியை விளக்குப் புகையில் காட்டிக் கறுப்பாக்கிப் பூட்டுக்குள் விட்டுத் திருப்புவார். எங்கே உரசுகிறதோ அங்கே கரி விலகி வெளுக்கும். அந்த இடத்தில் அரம் போடுவார். உலோகம் தொட்டதைக் கரி காட்டிக் கொடுக்கும் என்றால் விரல் தொட்டதைக் காட்டாதா? டாக்டரம்மா நகல் போடக் கொடுத்திருந்த இரும்பு பீரோச் சாவியை எடுத்தார். கரியில் கிரீஸைக் குழைத்துப் பூசினார். சோப்புக்கு லேசில் அசையாத கலவை. பூசும்போது அவர் கண் முழுக்கப் பின்னறைக் கதவின் மேல்தான் இருந்தது. கையைத் துணியில் துடைத்துக்கொண்டு, சாவியைப் பட்டறை மேசையில் எல்லார் கண்ணிலும் படும்படி போட்டார். கடைக்கும் வீட்டுக்கும் நடுவிலுள்ள கதவை, அந்தக் கொள்ளைக்குப் பிறகு முதல்முறையாக, அன்றிரவு பூட்டாமல் விட்டுவிட்டுப் படுத்தார். எலி விழும் என்று நிச்சயமாக நம்பினார்.

ஞாயிறன்று கிளம்பத் தாமதமாகிவிட்டது. கடையை எட்டிப் பார்க்க நேரமில்லை. கோயிலில் மனைவி வேண்டுமென்றே ஏற்பாடு செய்தாள்: தம்பி, அடுத்து கணவர், அப்புறம் தான். அந்தச் சபையில் திராட்சரசப் பாத்திரத்தைப் போதகர் ஒவ்வொருவருக்கும் கொண்டுவர மாட்டார். வரிசையில் ஒருவர் குடித்து, வெள்ளைத் துணியால் விளிம்பைத் துடைத்து, அடுத்தவருக்குக் கொடுக்க வேண்டும். கொடுக்கும்போது "உங்களுக்காகச் சிந்தினது" என்று சொல்ல வேண்டும்.

பாத்திரம் மைத்துனனிடம் வந்தது. அவன் விளிம்பைத் துடைத்தான். வெள்ளைத் துணியில் கறுப்பாக ஒரு கட்டைவிரல் பதிந்தது.

அகப்பட்டான்! பூட்டுக்காரர் பெஞ்சின் விளிம்புக்கு நகர்ந்தார். எழுந்து நின்று சபை கேட்கச் சொல்லிவிடலாமா? அப்படியொரு சந்தோஷம் வந்தது அவருக்கு. கோயிலுக்குள் வரக்கூடாத சந்தோஷம். மைத்துனன் அதற்குள் பாத்திரத்தை நீட்டிவிட்டான். வாங்காமல் விட முடியாது. அவசரமாகத் துணியோடு சேர்த்துப் பிடித்தார். துணியில் முதல் கறைக்குப் பக்கத்திலேயே இன்னொரு கட்டைவிரல் பதிந்தது. அதே கறுப்பு, அதே கிரீஸ்.

மைத்துனன் அந்த இரண்டு கறைகளையும் பார்த்தான். பிறகு பூட்டுக்காரரின் கையைப் பார்த்தான். இந்தத் தொழிலைக் கற்றவன் அல்லவா? கரி எங்கிருந்து வந்தது, கதவு ஏன் திறந்து கிடந்தது, எல்லாம் அவனுக்கு ஒரு நொடியில் விளங்கிவிட்டது. அவன் முகம் சிவந்தது. சண்டை போடப்போகிறான் என்று பூட்டுக்காரர் நினைத்தார்.

"உங்களுக்காகச் சிந்தினது, அத்தான்" என்றான் அவன்.

பூட்டுக்காரருக்கு வெட்கமாக இருந்தது. ஸ்டேஷனில் நின்ற அன்றுகூட அவ்வளவு வெட்கப்படவில்லை. குடித்தார். துணியைத் திருப்பிப் பிடித்து மறைக்கலாமா என்று பார்த்தார். மனைவி அதற்குள் வாங்கிக்கொண்டுவிட்டாள். துணியைப் பார்த்தாள், பிறகு குடித்தாள்.

வீடு திரும்பும் வழியில்தான் கேட்டாள். "துரத்தக் காரணம் கிடைச்சுதா?"

"கிடைச்சுது. துரத்துறதா இருந்தா ரெண்டு பேரையும் துரத்தணும்" என்றார். அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். சிரித்தாளோ, அழுதாளோ தெரியாது.

வாசலிலேயே நின்று மண்ணெண்ணெய்யும் பழந்துணியும் கொண்டுவரச் சொன்னார். படியில் உட்கார்ந்து தன் விரலைத் தேய்த்துவிட்டு, மைத்துனனின் கையை இழுத்து வைத்துத் தேய்க்க ஆரம்பித்தார்.

"அத்தான், அந்தச் சாவிய என்ன பண்ணினேன்னு கேக்கலையே."

"கேக்கல."

"கேளுங்க. சொல்லிடறேன்."

மேசை பத்தடி தூரத்தில்தான் இருந்தது. கழுத்தை நீட்டினால் சாவி அங்கே இருக்கிறதா என்று தெரிந்துவிடும். சந்தேகம் தீர்ந்துவிட்டதா என்றால், எங்கே தீர்ந்தது? கேட்டுவிடு, கேட்டுவிடு என்று நாக்கு துடித்தது.

"கேக்க மாட்டேன்டா" என்றார் ரெட்டைப்பூட்டு. "விரலை நல்லாக் காட்டு. நகக்கண்ணுல இன்னும் இருக்கு."