தாய்மாமன் அடைத்த லோன்

மௌனிகா என் பெரியப்பன் பேத்தி கமலாத்தாளின் ஒரே மகள். ஊர் பாலக்காட்டுப் பக்கம் எருத்தேம்பதி. எங்கள் வகையறாவில் நர்சுக்குப் படித்த முதல் பெண் அவள்தான். பேங்கில் லோன் எடுத்துப் படித்தாள். முடித்ததும் இடுக்கி மலையில் சாந்தன்பாறையில், ஏலத்தோட்டத்து ஜனங்களுக்காக ஒரு டிரஸ்ட் நடத்தும் ஆஸ்பத்திரியில் சேர்ந்தாள்.

அங்கே நர்சுகள் வருவார்கள், தொழில் பழகுவார்கள், வெளிநாடு போய்விடுவார்கள். அதனால் டிரஸ்ட்காரர்கள் ஓர் ஏற்பாடு செய்திருந்தார்கள். நர்சு அங்கே இருக்கும்வரை அவள் படிப்பு லோனை அவர்களே கட்டுவார்கள். போனால் மீதியை அவளே கட்டிக்கொள்ள வேண்டும்.

மௌனிகாவுக்கு மலை பிடித்துப்போயிற்று. அவள் பிரசவ வார்டுக்கு வந்த பிறகு, தோட்டத்துப் பெண்கள் வலியோடு ஜீப் ஏறி அடிமாலி பெரியாஸ்பத்திரிக்குப் போவது குறைந்தது. அங்கேயே இருக்கவேண்டும் என்பதுதான் அவள் ஆசை.

கமலாத்தாளின் அண்ணன் சென்னிமலை வேறு கணக்குப் போட்டார். கோயமுத்தூரிலிருந்து பெண் பார்க்க வந்தவர்கள், பெண் பேரில் லோன் இருப்பதைக் கேட்டுக் கை நனைக்காமல் எழுந்து போய்விட்டார்கள். சென்னிமலை தென்னந்தோப்பைக் கள்ளுக்கு விட்டு, முன்பணம் வாங்கி, லோனை முழுசாக அடைத்தார். தாய்மாமன் சீர் என்றால் எங்களில் நகை, பட்டு. இவர் பேங்க் ரசீதைத் தாம்பாளத்தில் தேங்காய் பழத்தோடு வைத்து, உறவு கூடிய சபையில் கமலாத்தாள் கையில் கொடுத்தார். மௌனிகாவை யாரும் கேட்கவில்லை. சீரைப் பெண்ணிடம் கேட்டுச் செய்யும் வழக்கமில்லை.

பிறகு அந்தச் சம்பந்தத்தையே பேசி முடிக்க, அவளைக் கூட்டிவர மலையேறினார். துணைக்கு நானும் போனேன்.

ஆஸ்பத்திரி செக்ரட்டரி பினு தலையில் கைவைத்தார். "அய்யோ சேட்டா, லோன் தீர்ந்துபோச்சா? இனி நாங்க எதைக் கட்டுறது?"

"ஒண்ணும் கட்ட வேண்டாமுங்க. புள்ளைய அனுப்பி வெச்சாப் போதுமுங்க."

வார்டு ஆயா செபமாலையம்மாள் விடவில்லை. "நல்லாருக்கு அண்ணாச்சி ஒங்க நாயம். கடன் இருந்தமட்டும் ஒருத்தரும் இந்தப் பக்கம் எட்டிப்பாக்கல. அடைச்சதும் கூட்டிட்டுப் போக வந்துட்டீகளாக்கும்!"

சீர் கொடுத்த மாமனை எதிர்த்துப் பேசும் வழக்கமும் எங்களில் இல்லை. மௌனிகா, "சாயா குடிங்க மாமா. ஒரு மாசம் நோட்டீஸ் குடுக்கோணுங்க," என்றாள். நாங்கள் சாயா குடித்துவிட்டு இறங்கினோம்.

அந்த மாசத்துக்குள் அவள், வேலையில் இருந்துகொண்டே படிக்கும் மேல்படிப்பு ஒன்றில் சேர்ந்தாள். அதற்கும் லோன்தான். பழைய லோனைக் கெடுவுக்கு முன்பே அடைத்த குடும்பம் என்று பேங்கில் உட்காரவைத்துக் கொடுத்தார்களாம். அங்கே இருக்கும்வரை கட்டுகிறோம் என்று டிரஸ்ட் ஏற்றுக்கொண்டது. நோட்டீஸ் கொடுக்க வேலையில்லாமல் போயிற்று.

சென்னிமலை போனில் கத்தினார். "ஏம்புள்ள, நான் எதுக்கு அடைச்சேன்?"

"நீங்க அடைச்சதாலதானுங் மாமா புதுசு கெடைச்சுது."

கோயமுத்தூர்க்காரர்கள் வேறு இடம் பார்த்துக்கொண்டார்கள். சென்னிமலை இன்னும் அவளோடு பேசுவதில்லை. மௌனிகா சாந்தன்பாறையில்தான் இருக்கிறாள். போன வாரம் அடுத்தடுத்துப் பிரசவமாம். போனை எடுக்கக்கூட நேரமில்லை என்று கமலாத்தாள் குறைப்பட்டுக்கொண்டாள்.