துளசித் தண்டுக்குப் போட்ட சாயம்

இன்று காலை துளசித் தண்டை பிளேடால் மெல்லிசாகச் சீவி, மைக்ரோஸ்கோப்பில் பார்ப்பதற்காக சாஃப்ரனின் என்ற சிவப்புச் சாயத்தில் போட்டேன். வலது கை விரலெல்லாம் சிவந்துவிட்டது.

டெல்லி மயூர் விஹாரில், எங்கள் அடுக்குமாடி லிஃப்டில், எதிர் ஃப்ளாட் கமலா ஆன்ட்டி அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார்.

“அரே, மெஹந்தியா! நல்லதும்மா. உன் வீட்டுக்காரர் தவறி ஒரு வருஷமாச்சு. எத்தனை நாள்தான் வெறும் கையோட இருப்பே?”

செடிக்குப் போட்ட சாயம் என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் கண் கலங்கியிருந்தது.

“அச்சா ஆன்ட்டி” என்றேன்.

மாலையில் மருதாணி கோனோடு வீட்டுக்கே வந்துவிட்டார். “ஒரு கைக்கு மட்டும் போட்டா எப்படி? இடது கையையும் நீட்டு.”

நீட்டினேன். ரொம்ப நாளாக யாரும் என் கையை இவ்வளவு நேரம் பிடித்திருக்கவில்லை.

இடது கை இன்னும் காயவில்லை. ஒற்றைக் கையால் டைப் செய்கிறேன், பிழையிருந்தால் கமென்ட்டில் திருத்துங்கள்.